அடைப்பு எங்கே போகும்?

சமையலறை சிங்க்குக்கு அடியில் எப்போதாவது குனிந்து பார்த்ததுண்டா? பாத்திரம் துலக்கும் சோப்பு, பழைய துணி, குப்பைக் கூடை என்று எல்லாம் ஒளிந்திருக்கும் இருட்டு மூலை அது. அவற்றை ஒதுக்கிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். சிங்க்கிலிருந்து ஒரு குழாய் இறங்குவது தெரியும். அது நேராகத் தரைக்குப் போய்விடாது. கீழே இறங்கும், வளையும், கொஞ்சம் மேலே ஏறும், அப்புறம்தான் சுவருக்குள் நுழையும். நம் ‘ப’ எழுத்தைக் குழாயால் செய்து மாட்டியது மாதிரி இருக்கும்.

சில வீடுகளில் இந்த வளைவுக்குப் பதிலாகப் புட்டி வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் தொங்கும். பிளம்பர்கள் அதை ‘பாட்டில் டிராப்’ என்பார்கள். இன்னும் சில வீடுகளில் மடிப்பு மடிப்பான வேஸ்ட் பைப் மட்டும் இறங்கி, தரையில் சல்லடை மூடி போட்ட குழிக்குள் போகும். அந்தக் குழிக்குப் பெயர் ‘நாணி டிராப்’. வடிவம் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: கடைசியாக வந்த கொஞ்சம் தண்ணீரை மட்டும் போகவிடாமல் பிடித்து வைப்பது.

சிங்க் அடைத்துக்கொண்டால் பிளம்பர் முதலில் கை வைக்கும் இடமும் இதுதான். குப்பை சிக்கும் என்று தெரிந்தும் குழாயை ஏன் வளைத்தார்கள்?

நிற்கும் தண்ணீருக்கு என்ன வேலை?

சிங்க் குழாயின் மறுமுனை சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இருக்கிறது. அங்கே காற்று இல்லாத இருட்டில் பாக்டீரியாக்கள் கழிவைத் தின்று வாயுக்களை வெளியிடுகின்றன. அவற்றில் ஒன்று ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அதுதான். தீப்பிடிக்கக்கூடிய மீத்தேனும் உண்டு. குழாய் நேராக இருந்தால் இந்த வாயுக்கள் ஏறி நேரே சமையலறைக்கு வந்துவிடும். கூடவே கரப்பான் பூச்சியும் வரும்.

வளைவில் எப்போதும் தண்ணீர் நிற்பதால் அந்த வழி மூடப்படுகிறது. மேலிருந்து வரும் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போகும். ஆனால் கீழிருந்து வரும் வாயுவால் அதைத் தாண்ட முடியாது. கீலும் தாழ்ப்பாளும் இல்லாத கதவு! 1775இல் இந்த வளைவைக் கழிப்பறைக் குழாயில் வைத்துக் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கம்மிங். ஸ்காட்லாந்தில் பிறந்த இவருடைய தொழில் கடிகாரம் செய்வது.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிக் கதவைத் திறந்ததும் வீடு முழுக்க ஒரு நாற்றம் அடிக்கும், கவனித்திருக்கிறீர்களா? நீங்கள் இல்லாத நாட்களில் வளைவில் நின்ற தண்ணீர் ஆவியாகிவிட்டது, கதவு திறந்துகொண்டது. சிங்க்கிலும் குளியலறைக் குழியிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் போதும், கதவு மூடிக்கொள்ளும்.

சரி, தண்ணீரைப் பிடித்து வைக்கும் இடம் தண்ணீரோடு வருகிற மற்றதையும் பிடித்து வைக்கும்தானே? சாப்பாட்டுத் துணுக்குகள் கனமாக இருப்பதால் வளைவின் அடியில் தங்கும். எண்ணெய் லேசானது; அது மேலே மிதந்து குழாய்ச் சுவரில் ஒட்டும். இரண்டும் சேர்ந்தால் அடைப்பு.

அடைப்பின் சமையல் குறிப்பு

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் வெள்ளையாக உறைந்து நிற்கும். சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் அது திடமாகிவிடும். நெய்யும் வனஸ்பதியும் அதைவிடச் சீக்கிரமே கெட்டியாகும். வெந்நீரில் வாணலியைக் கழுவும்போது உருகி ஓடுகிற நெய், குழாய்க்குள் போய்க் குளிர்ந்ததும் சுவரில் படிகிறது.

கடலை எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் நம் ஊர் வெயிலில் உறையாது. அதனால் அவை குற்றமற்றவை என்று விட்டுவிட வேண்டாம். அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டும். எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாக மாறியதுதான் அது. குழாய்க்குள்ளும் அந்தப் பிசின் உருவாகலாம்.

அடுத்து மாவுப்பொருள். இட்லி மாவு ஒட்டிய பாத்திரத்தை, சாதம் வடித்த கஞ்சியை அப்படியே சிங்க்கில் கொட்டுகிறோம். சூடான கஞ்சி தண்ணீராக ஓடும், ஆறினால் கெட்டிப்படும். அரிசியில் இருக்கும் ஸ்டார்ச் சூட்டில் தண்ணீரைக் குடித்து ஊதும், ஆறும்போது அதன் நீண்ட இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அந்தப் பின்னலில் காபித் தூளும், டீத் தூளும், தேங்காய்த் துருவலும் மாட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, போர் தண்ணீர். உங்கள் வீட்டுக் குழாயின் வாயில் வெள்ளையாகப் படிந்திருப்பது பெரும்பாலும் கால்சியம் உப்பு. எண்ணெயும் கொழுப்பும் சிதையும்போது கொழுப்பு அமிலங்கள் வெளிவரும். அவற்றோடு கால்சியம் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒருவகைச் சோப்பு உண்டாகிறது. நுரைக்காத, கழுவாத, கட்டியாக ஒட்டிக்கொள்கிற சோப்பு!

முதலில் துப்பறியுங்கள்

அடைப்பு எடுக்கும் வேலையைப் பெரியவர் ஒருவரோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும். ஆனால் துப்பறிவது முழுக்க உங்கள் வேலை.

தண்ணீர் மெதுவாக இறங்குகிறதா, அசையாமல் நிற்கிறதா? மெதுவாக இறங்கினால் குழாய்ச் சுவரில் படிவு தடித்து வழி குறுகியிருக்கிறது. அடியோடு நின்றுவிட்டால் ஏதோ ஒன்று முழுதாக மூடியிருக்கிறது.

சிங்க் மட்டும்தானா, குளியலறையிலும் தண்ணீர் தேங்குகிறதா? சிங்க்கில் தண்ணீர் விட்டால் குளியலறைத் தரைக் குழியில் பொங்கி வருகிறதா? வந்தால் அடைப்பு வளைவில் இல்லை. அதற்கு அப்பால், வீட்டின் பொதுக் குழாயில் இருக்கிறது. அதைச் சரிசெய்ய பிளம்பர்தான் வர வேண்டும்.

சத்தத்தையும் கேளுங்கள். ‘குளுக், குளுக்’ என்றால் தண்ணீர் இறங்கும் வழியிலேயே காற்றும் ஏறப் பார்க்கிறது, வழி போதவில்லை என்று பொருள். காற்று தனியாகப் போய்வரத்தான் மொட்டை மாடியில் வலை மூடி போட்ட குழாய் ஒன்றை உயரமாக நிறுத்தியிருப்பார்கள். அது இல்லாவிட்டால் வேகமாக இறங்கும் தண்ணீர், வளைவில் நிற்கும் தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடலாம்.

துப்பறிந்தாயிற்றா? இனி மூன்று வழிகள் இருக்கின்றன: தள்ளலாம், கழற்றலாம், கரைக்கப் பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டே வாருங்கள். அடைப்பு எங்கே போனது? பொருள் மாயமாக மறையாது. இடம் மாறும் அல்லது வேறு பொருளாக மாறும். இது வேதியியலின் அடிப்படை விதி. சிங்க்குக்கும் அது பொருந்தும்.

தள்ளினால்

பிளஞ்சர் என்பது மரப்பிடியின் முனையில் ரப்பர் கிண்ணம் மாட்டிய கருவி. சிங்க்கின் ஓட்டையில் கவிழ்த்து வைத்து மேலும் கீழும் அழுத்த வேண்டும். அதற்கு முன்னால் ஓட்டையில் இருக்கும் ஜாலியை எடுத்துவிட்டு, கண்ணில் படும் பருக்கைகளைக் கரண்டியால் அள்ளிவிடுங்கள். ரப்பர் கிண்ணம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்கட்டும்.

தண்ணீர்தான் ஏற்கெனவே வழி மறித்து நிற்கிறதே, இன்னும் எதற்கு? காரணம் இருக்கிறது. காற்றை அழுத்தினால் சுருங்கும். ஊசி போடும் சிரிஞ்சின் முனையை விரலால் மூடிவிட்டு அழுத்திப் பாருங்கள், உள்ளே போகும். அதே சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி அழுத்தினால் அசையாது. கிண்ணத்துக்குள் காற்று இருந்தால் உங்கள் முயற்சியில் கொஞ்சம் காற்றைச் சுருக்கவே செலவாகிவிடும். தண்ணீர் இருந்தால் அழுத்தம் அப்படியே அடைப்பு வரை போய்ச் சேரும். மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்று சொன்னவர் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரான்ஸ் நாட்டு அறிஞர் பிலேஸ் பாஸ்கல். வளைவுக்குள் திரும்பிப் போய் அடைப்பைத் தள்ளுவது அவருடைய விதிதான்.

ஒரு கணக்குப் போடுவோம். சிங்க்கில் 20 செ.மீ. உயரம் தண்ணீர் நின்றால், ஓட்டையின் ஒவ்வொரு சதுர செ.மீ. பரப்பிலும் 20 கிராம் எடை அழுத்தும். சிங்க் அகலமா குறுகலா என்பது கணக்கில் வராது. தண்ணீரின் உயரம்தான் கணக்கு. இப்போது 10 செ.மீ. விட்டமுள்ள பிளஞ்சரை எடுங்கள். அதன் பரப்பு சுமார் 78 சதுர செ.மீ. அதை 8 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால், ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் ஏறத்தாழ 100 கிராம் கிடைக்கும். சிங்க் நிறையத் தண்ணீர் நின்று கொடுத்ததைப் போல ஐந்து மடங்கு!

அழுத்துவதைப் போலவே மேலே இழுப்பதும் முக்கியம். இழுக்கும்போது கிண்ணத்துக்குள் அழுத்தம் குறைகிறது. குழாயின் மறுபக்கம் இருக்கும் காற்று அடைப்பைப் பின்னாலிருந்து நம் பக்கம் தள்ளுகிறது. நாம் ‘உறிஞ்சுவது’ என்று சொல்வதெல்லாம் உண்மையில் மறுபக்கக் காற்று தள்ளுவதுதான். முன்னும் பின்னும் ஆட்டம் கண்ட அடைப்பு உடைந்து நகரும்.

இரட்டை சிங்க்காக இருந்தால் இன்னொன்றின் ஓட்டையை ஈரத் துணியால் இறுக்கமாக மூடுங்கள். இல்லாவிட்டால் அழுத்தம் அந்த வழியாகத் தப்பிப்போகும். அடியில் ஒரு வாளியும் இருக்கட்டும்; தளர்ந்த இணைப்பு ஏதாவது இருந்தால் தண்ணீர் பீறிடும்.

‘சடார்’ என்று தண்ணீர் இறங்கிவிட்டது. அடைப்பு எங்கே போனது? வளைவைத் தாண்டி அடுத்த குழாய்க்குப் போயிருக்கிறது. இது பாதி வெற்றிதான்.

கழற்றினால்

சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்னால் மொகஞ்சதாரோவில் தெருச் சாக்கடைகளைச் செங்கல்லால் கட்டினார்கள். மேலே போட்ட செங்கற்களையும் பலகைக் கற்களையும் தேவைப்பட்டால் எடுக்கலாம். வழியில் அங்கங்கே குழிகளும் இருந்தன. கனமான கழிவு அவற்றில் தங்க, தண்ணீர் மட்டும் தொடர்ந்து ஓடும். அழுக்கு எங்காவது தங்கத்தான் செய்யும், ஆகவே அது தங்குகிற இடத்தை நாமே முடிவு செய்து, திறக்கவும் வழி வைப்போம் என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

உங்கள் சிங்க்குக்கு அடியில் இருப்பதும் அதே யோசனைதான். பாட்டில் டிராப்பின் அடிக்கிண்ணத்தையும், வளைவின் இரு முனைகளில் இருக்கும் பிளாஸ்டிக் வளையங்களையும் பெரும்பாலும் கையாலேயே திருகிக் கழற்றலாம். வாளியை அடியில் வைத்துவிட்டுப் பெரியவர் கழற்றட்டும். டார்ச் பிடிப்பது உங்கள் வேலை. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதை மறக்காமல் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் போட்டால் ஒழுகும்.

பழைய டூத் பிரஷால் வளைவைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதை எடுத்துக்கொண்டு அதே சிங்க்குக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள்! கீழே குழாய் இல்லை. தண்ணீர் முழுக்கக் காலில் கொட்டும். வெளியே, வாளித் தண்ணீரில் கழுவுங்கள்.

மறுபடி மாட்டித் தண்ணீரைத் திறந்து, இணைப்புகளில் காகிதத் துண்டை ஒற்றிப் பாருங்கள். காகிதம் நனைந்தால் இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும்.

அடைப்பு எங்கே போனது? வாளிக்குள். அங்கிருந்து வடிகட்டி, குப்பைக் கூடைக்கு. மூன்று வழிகளில் உங்கள் கண் முன்னாலேயே முடிகிற வழி இது மட்டும்தான்.

கரைக்கப் பார்த்தால்

‘சமையல் சோடா போடு, மேலே வினிகர் ஊற்று, அடைப்பு பறந்துவிடும்’ என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். ‘புஸ்’ஸென்று நுரை பொங்குவதைப் பார்க்க ஜோராகத்தான் இருக்கும். உள்ளே என்ன நடக்கிறது? சோடா ஒரு காரம், வினிகர் ஓர் அமிலம். இரண்டும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வாயு வெளியேறும். மீதி இருப்பது தண்ணீரும் அதில் கரைந்த சோடியம் அசிடேட் என்ற உப்பும். அமிலத்தின் வேகத்தைக் காரமும், காரத்தின் வேகத்தை அமிலமும் தின்றுவிட்டன. எண்ணெயைக் கரைக்க அந்த உப்புத் தண்ணீரில் எதுவும் இல்லை. குமிழ்களும் அடைப்பைப் போய் முட்டாது. திறந்திருக்கும் வழி மேலேதானே, அங்கே பறந்துவிடும்.

வெந்நீரும் சோப்புத் திரவமும் இதைவிட மேல். சூடு கொழுப்பை உருக்கும். சோப்பு மூலக்கூறின் ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும், மறுமுனைக்கு எண்ணெய் பிடிக்கும். அது எண்ணெயைச் சின்னச் சின்னத் துளிகளாக்கித் தண்ணீரோடு அனுப்பும். ஆனால் கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது. சிங்க் குழாய்கள் பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக், சுமார் 80 டிகிரியில் அது இளக ஆரம்பித்துவிடும். கொதிக்கும் தண்ணீரோ 100 டிகிரி.

கடையில் பொட்டலமாக விற்கும் அடைப்பு நீக்கும் தூளைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அதில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா. தண்ணீர் பட்டதும் கொதிப்பாகச் சூடேறி, கொழுப்பைச் சோப்பாக மாற்றும். வேலை செய்யும்தான். ஆனால் எது கொழுப்பு, எது குழந்தையின் தோல், எது கண் என்று அது வேறுபாடு பார்க்காது. கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். சிறுவர்கள் அந்தப் பொட்டலத்தைத் தொடவே கூடாது. பெரியவர்கள் அதைப் போட்டிருந்தால் பிளஞ்சரை எடுக்கக் கூடாது. பிளம்பர் வந்தால் முதலில் அவரிடம் சொல்லிவிட வேண்டும். இதோடு ஆசிட், பிளீச்சிங் பவுடர் என்று வேறெதையும் கலக்கவே கூடாது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும்.

கரைத்தால் அடைப்பு எங்கே போகும்? சூடாகப் போகும், தூரத்தில் ஆறும், அங்கே மறுபடி படியும்.

சுவருக்கு அப்பால்

அப்படிப் படிந்தது எவ்வளவு பெரிதாகும்? 2017இல் லண்டன் நகரின் வைட்சேப்பல் பகுதியில், தெருவுக்கு அடியில் ஓடும் பழைய சாக்கடையில் ஒரு கொழுப்புப் பாறையைக் கண்டுபிடித்தார்கள். நீளம் சுமார் 250 மீட்டர், எடை சுமார் 130 டன். சமையல் கொழுப்பும், மக்காத ஈரத் துடைப்பான்களும், கால்சியமும் சேர்ந்து இறுகியது. உயர் அழுத்தத் தண்ணீராலும் மண்வெட்டியாலும் அதை உடைக்கப் பணியாளர்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். அதன் ஒரு துண்டை அடுத்த ஆண்டு லண்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள்!

நம் நாட்டில் சாக்கடை அடைத்துக்கொண்டால் பல காலமாக மனிதர்களையே உள்ளே இறக்கினார்கள். முதலில் படித்தோமே, ஹைட்ரஜன் சல்பைடு, அது அங்கே காத்திருக்கும். கொஞ்சமாக இருந்தால் நாறும். அதிகமானால் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்யும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரத்தில் உயிரைப் பறிக்கும். பாதுகாப்பில்லாமல் மனிதர்களைச் சாக்கடையில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் இந்தச் சாவுகள் முழுதாக நின்றுவிடவில்லை. 2018இல் கேரளத்து இளம் பொறியாளர்கள் ஆள்நுழைவுக் குழிக்குள் இறங்கித் தூர்வாரும் ‘பேண்டிகூட்’ என்ற ரோபோவைத் திருவனந்தபுரத்தில் வேலைக்கு விட்டார்கள். அப்படிப்பட்ட இயந்திரங்கள் எல்லா ஊர்களுக்கும் வர வேண்டும். அதோடு, உள்ளே போகும் கொழுப்பும் குறைய வேண்டும். அது நம் கையில் இருக்கிறது.

வழி ரொம்பச் சுலபம். எண்ணெய்ச் சட்டியைக் கழுவுவதற்கு முன்னால் பழைய செய்தித்தாளால் ஒரு துடை துடைத்துக் குப்பையில் போடுங்கள். காபித் தூளும் டீத் தூளும் செடிக்குப் போகட்டும். கஞ்சியை மாட்டுக்கு வையுங்கள், இல்லையென்றால் ஆறவைத்து மண்ணில் ஊற்றுங்கள். ஜாலியில் சேர்ந்ததை விரலால் உள்ளே தள்ளிவிடாமல் வெளியே தட்டுங்கள். பொரித்து மிஞ்சிய எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றவே வேண்டாம். அப்படிப்பட்ட எண்ணெயைத் திரட்டி பயோடீசலாக மாற்ற, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 முதல் ஒரு திட்டமே நடத்துகிறது.

செய்து பாருங்கள்

தேவை: இரண்டு கண்ணாடிக் குவளைகள், நெய், சமையல் சோடா, வினிகர், பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர். கூடவே வீட்டுப் பெரியவர் ஒருவர்.

1. இரண்டு குவளைகளிலும் ஒவ்வொரு தேக்கரண்டி நெய்யை அடியில் தடவி, ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். நெய் உறைந்துவிடும்.

2. முதல் குவளையில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைப் போட்டு, மேலே வினிகரை ஊற்றுங்கள். நுரை அடங்கியதும் குவளையின் அடியைப் பாருங்கள். நெய்க்கு என்ன ஆயிற்று?

3. இரண்டாவது குவளையில் வெந்நீரும் சில சொட்டு சோப்பும் விட்டுக் கலக்குங்கள். இப்போது அடி எப்படி இருக்கிறது? தண்ணீரின் நிறம் என்ன?

4. இரண்டாவது குவளையை மறுபடி ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து எடுங்கள். தண்ணீரின் மேலே என்ன மிதக்கிறது? சிங்க்கிலிருந்து போன கொழுப்புக்குத் தெருவுக்கு அடியில் என்ன ஆகும் என்பது இப்போது உங்கள் கண்ணெதிரே இருக்கிறது.

பார்த்ததை நோட்டில் எழுதி, படமும் வரையுங்கள். எழுதி முடித்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கும். அந்த இரண்டு குவளைகளில் இருப்பதை எங்கே கொட்டப் போகிறீர்கள்?